வேகத்தின் வர்க்கம்

பள்ளியில் நாங்கள் படித்த இயற்பியலில், ஓடும் பொருளுக்கு இரண்டு கணக்குகள் இருந்தன. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். நிறையைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல். முதலாவது, விசையும் இயக்கமும் பற்றிய பாடத்தில் வந்தது. இரண்டாவது, வேலை, ஆற்றல், திறன் என்ற பாடத்தில் வந்தது. நடுவில் வேறு பாடங்களும் ஒரு பருவத் தேர்வும் கடந்து போயிருக்கும். ஒரே பொருளின் ஓட்டத்தை அளக்க எதற்காக இரண்டு அளவுகள் என்று பாடநூலும் கேட்டதில்லை, வகுப்பும் கேட்டதில்லை. ஒன்றில் இல்லாத வர்க்கம் மற்றதில் ஏன் இருக்கிறது, அந்த அரை எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் இரண்டு மதிப்பெண் வினாவுக்குத் தேவைப்படாதவை. என் தலைமுறையில் தமிழ்வழியில் படித்த பலருக்கும் இயற்பியலின் நினைவு என்பது இப்படித் தனித்தனியாக எழுதிப் படித்த வாய்பாடுகளின் நினைவுதான். அந்த நினைவை இன்று எடுத்துப் பார்க்கையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: அந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவே, ஐரோப்பாவின் தேர்ந்த அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்திய ஒரு வழக்கு இருந்தது. வழக்கை நீக்கிவிட்டுத் தீர்ப்பை மட்டும் எங்கள் கையில் கொடுத்தார்கள். அதனால் விசை, இயக்கம், ஆற்றல் மூன்றும் மனப்பாடமாக நின்றன, காரணத்தோடு நிற்கவில்லை.

வழக்கின் கேள்வி எளிது. ஓடிக்கொண்டிருக்கும் பொருளிடம் எவ்வளவு வலு இருக்கிறது, அதை எதைக் கொண்டு அளப்பது? பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட் 1644இல் ஒரு விடை சொன்னார். பொருளின் பருமனை வேகத்தால் பெருக்க வேண்டும். உலகம் முழுவதற்கும் அந்தத் தொகையைக் கூட்டினால் அது என்றும் மாறாது, ஏனெனில் படைப்பின்போது கொடுத்த இயக்கத்தைக் கடவுளே காத்துவருகிறார் என்றார். இறையியலை ஒதுக்கிவிட்டாலும் இந்த விடை மனத்துக்கு இசைவானது. கனம் இருமடங்கானால் நிறுத்தும் பாடும் இருமடங்கு, வேகம் இருமடங்கானாலும் அப்படியே என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் டெக்கார்ட் திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. எதிரெதிரே ஒரே வேகத்தில் வரும் இரண்டு களிமண் உருண்டைகள் மோதி ஒட்டிக்கொண்டு நின்றுபோனால், அவர் கணக்கில் இருந்த தொகை சட்டென்று பூச்சியமாகிவிடுகிறது. 1668இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதலின் விதிகளைக் கேட்டபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் விடை அனுப்பினார்கள். ஒரு பக்கம் போவதைக் கூட்டியும் எதிர்ப்பக்கம் போவதைக் கழித்தும் எழுதினால் மோதலுக்கு முன்னும் பின்னும் தொகை ஒன்றாகவே வரும் என்பது அந்த ஆய்வுகளில் தெளிந்தது. நாம் உந்தம் என்று படித்தது இதைத்தான். ஹைகன்ஸ் இன்னொன்றையும் கண்டிருந்தார். கடினமான உருண்டைகள் மோதித் தெறிக்கும்போது, ஒவ்வொன்றின் நிறையையும் அதன் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் அந்தத் தொகையும் மாறுவதில்லை. வர்க்கம் இந்தக் கதைக்குள் வந்தது இப்படி, ஒரு மோதல் கணக்கின் துணை முடிவாக.

அதை நடுவுக்கு இழுத்து வந்தவர் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். 1686இல் அவர் எழுதிய சிறு கட்டுரையின் வாதத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் எந்தக் கருவியும் இல்லாமல் பின்தொடரலாம். ஒரு பவுண்டு எடையை நான்கு முழம் உயர்த்துவதும் நான்கு பவுண்டு எடையை ஒரு முழம் உயர்த்துவதும் ஒரே அளவு பாடு. இதை டெக்கார்ட்டின் ஆதரவாளர்களும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டையும் விழ விடுவோம். கலிலியோ காட்டியபடி, நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழும் பொருள் இருமடங்கு வேகத்தையே அடையும். ஆகவே தரையைத் தொடும்போது ஒரு பவுண்டு எடையின் வேகம் இரண்டு, நான்கு பவுண்டு எடையின் வேகம் ஒன்று. டெக்கார்ட்டின் கணக்கில் முதலாவது இரண்டு, இரண்டாவது நான்கு. சமமான பாட்டைச் செலுத்திச் சமமற்ற வலுவைப் பெற்றதாக ஆகிறது. வர்க்கத்தால் பெருக்கினால் இரண்டுமே நான்கு. லைப்னிட்ஸின் வழியை இன்னும் ஓரடி நீட்டிப் பார்க்கலாம். நான்கு பவுண்டு எடையின் இயக்கம் முழுவதும், டெக்கார்ட்டின் அளவு மாறாமல், ஒரு பவுண்டு எடைக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டால் அதன் வேகம் நான்காகும். நான்கு மடங்கு வேகம் கொண்டது பதினாறு முழம் உயரும். ஒரு முழம் இறங்கிய நான்கு பவுண்டைக் கொண்டு ஒரு பவுண்டை நான்கு முழம் ஏற்றலாம் என்பது நியாயம். பதினாறு முழம் ஏற்றலாம் என்றால் எரிபொருளே இல்லாமல் என்றென்றும் ஓடும் இயந்திரத்தைச் செய்துவிடலாம். அது முடியாது என்ற ஒரே உறுதிப்பாட்டின்மேல் லைப்னிட்ஸ் தம் வாதத்தை நிறுத்தினார். பின்னாளில் ஆற்றல் அழியா விதி என்று நிலைபெற்றதன் வேர் இந்த உறுதிப்பாட்டில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

வாதம் ஒரு பக்கம் இருக்க, பொருளே சாட்சி சொல்ல வேண்டாமா? அந்தச் சாட்சி மண்ணிலிருந்து வந்தது. இத்தாலியின் பதுவாவில் பொலேனி கொழுப்புக் கட்டியின்மேல் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கிராவெசாண்டே மென்மையான களிமண்மேல் பித்தளைக் குண்டுகளைப் போட்டு, தம் முடிவை 1722இல் வெளியிட்டார். ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட குண்டுகள். எடை எத்தனை மடங்கு கூடுகிறதோ உயரம் அத்தனை மடங்கு குறைவு. எல்லாக் குண்டுகளும் ஒரே அளவு குழியைத் தோண்டின. எடையையும் உயரத்தையும் பெருக்கி வருவது சமமாக இருந்தால் குழியும் சமம், அதாவது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது சமமாக இருந்தால் குழியும் சமம். கிராவெசாண்டே லைப்னிட்ஸின் கட்சிக்காரர் அல்லர். ஐரோப்பியப் பெருநிலத்தில் நியூட்டனின் இயற்பியலைப் பரப்பியவர்களில் முதல் வரிசையில் நின்றவர் அவர். தம் அணி ஏற்காத முடிவைத் தம் கையாலேயே அளந்து, அளந்ததை ஏற்று நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். இயற்பியல் பாடத்தில் ஒருவரின் பெயரை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டுமென்றால், அதற்கு இதைவிடத் தகுந்த காரணம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்க்கட்சி சும்மா இருக்கவில்லை, அவர்கள் சொன்னதும் வலுவானது. இருமடங்கு வேகத்தில் வந்த குண்டு மண்ணில் நின்றுபோக இருமடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் மண் கொடுத்த எதிர்ப்பு இருமடங்குதான், நான்கு மடங்கல்ல என்றார்கள். இது சரி. மண்ணின் எதிர்ப்பு விசை மாறாமல் இருக்கிறது என்று கொண்டால், இருமடங்கு வேகத்தை அழிக்க இருமடங்கு நேரம் வேண்டும். ஆனால் அந்த இருமடங்கு நேரத்தில் குண்டு கடக்கும் தொலைவு நான்கு மடங்கு. விழும் பொருள் முதல் நொடியில் ஒரு பங்கு தொலைவும், அடுத்த நொடியில் மூன்று பங்கும், அதற்கடுத்த நொடியில் ஐந்து பங்கும் கடக்கிறது என்று கலிலியோ 1638இல் எழுதியது இங்கே முழுப் பயனைத் தருகிறது. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் நான்கு, ஐந்தும் சேர்ந்தால் ஒன்பது. வர்க்கங்கள் பிறப்பது அங்கேதான். விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அதே விசையைத் தொலைவால் பெருக்கினால் கிடைப்பது இயக்க ஆற்றல். இரு கட்சியும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தன. ஒன்று கடிகாரத்தோடு பார்த்தது, மற்றொன்று அளவுகோலோடு பார்த்தது. அரையும் இங்கிருந்துதான் வருகிறது. முழு வேகத்திலிருந்து பூச்சியத்துக்குச் சீராகக் குறையும் பொருளின் சராசரி வேகம் பாதி. பாதி வேகத்தை நேரத்தால் பெருக்கினால்தான் கடந்த தொலைவு. லைப்னிட்ஸ் அரையை எழுதவில்லை. அதை வாய்பாட்டுக்குள் நிலைநிறுத்தியவர் இயந்திரங்களின் வேலையைக் கணக்கிட்ட பிரெஞ்சுப் பொறியாளர் கோரியோலிஸ், ஆண்டு 1829. எங்கள் பாடநூலிலும், இயக்கச் சமன்பாடுகளில் மூன்றாவதை எடுத்து வேலையின் வாய்பாட்டில் நிரப்பும் ஐந்து வரிகளில், இத்தனையும் ஒடுங்கிக் கிடந்தன. அந்த ஐந்து வரிகளை நாங்கள் எழுதாத தேர்வில்லை.

இந்த வழக்கில் பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாத்லேயின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். களிமண் சோதனையைச் செய்தவரே அவர்தான் என்று இப்போது பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல, சோதனை கிராவெசாண்டேயுடையது. து ஷாத்லே செய்தது வேறு, அது குறைந்ததும் அல்ல. முதலில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மேரானின் கருத்தோடு உடன்பட்டிருந்தவர், லைப்னிட்ஸின் வாதங்களையும் சோதனைகளையும் எடைபோட்டு நிலை மாறி, 1740இல் வெளியிட்ட இயற்பியல் நூலின் கடைசி இயலில் மேரானின் வாதத்தைப் பெயர் சொல்லி மறுத்தார். மறுஆண்டு, அதற்குள் கழகத்தின் செயலாளராகியிருந்த மேரான் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். சில வாரங்களிலேயே து ஷாத்லேயின் பதில் அச்சில் வந்தது. பெண்களுக்கு உறுப்பினர் ஆகும் வழியே இல்லாத கழகத்தின் செயலாளர், அதே கேள்வியில் ஒரு பெண்ணுக்கு அச்சில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. உடன் வாழ்ந்த வால்டேர் எதிர்க்கட்சியில் நின்றார்; அதற்காகவும் து ஷாத்லே தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் பெயர்த்து முடித்த 1749ஆம் ஆண்டிலேயே, பிள்ளை பெற்ற சில நாட்களில், 42 வயதில் இறந்தார். மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்தது 1759இல். நியூட்டனை வரிக்கு வரி அறிந்தவர் ஒருவரே நியூட்டன் அணி மறுத்த வர்க்கத்துக்காக வாதாடினார் என்பதில், இரண்டையும் ஒரு மனம் ஒருசேரத் தாங்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது.

இவ்வளவும் வெறும் சொற்சண்டை என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேர் 1743இல் எழுதினார். வலு என்று எதைச் சொல்கிறோம் என்பதை வரையறுத்துக்கொண்டால் இரு கணக்கும் சரி, வழக்கு முடிந்தது என்பது அவர் கருத்து. பல வரலாற்று நூல்களும் இத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. நான் உடன்படவில்லை. சொற்சண்டை என்றால் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் வேலை நடக்க வேண்டும். நடக்கவில்லை என்று ஆலைக்காரர்களுக்குக் காட்டியவர் ஆங்கிலப் பொறியாளர் ஸ்மீட்டன். மாதிரிச் சக்கரங்களைச் செய்து, அவர் ராயல் சொசைட்டிக்கு 1759இல் அளித்த அறிக்கையின்படி, மேலிருந்து தொட்டிகளில் நீர் நிரம்பி அதன் எடையால் சுழலும் சக்கரம், கீழே பலகைகளில் நீர் மோதிச் சுழலும் சக்கரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேலை தருகிறது. நீரின் அளவும் அது இறங்கும் உயரமும் ஒன்றே. பலகையில் மோதும் நீர் நுரைத்துச் சிதறித் தன் வலுவில் ஒரு பங்கைத் தன் உருவத்தைக் கலைப்பதிலேயே இழந்துவிடுகிறது என்று அவர் காரணம் சொன்னார். உந்தக் கணக்கில் இந்த இழப்பு தெரிவதே இல்லை. மோதலில் உந்தம் எப்போதும் அப்படியே இருக்கும். எவ்வளவு மாவு அரைபடும், எவ்வளவு நீர் மேலேறும் என்று கேட்டால் வர்க்கத்தின் கணக்குதான் விடை சொல்லும். மோதிய பிறகு எது எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் உந்தம் விடை சொல்லும். வரையறையை மாற்றிக்கொள்வதால் நீங்கும் வேறுபாடா இது?

லைப்னிட்ஸின் கட்சிக்கு எதிராக இருந்த மிகப் பெரிய சான்றை இங்கே மறைக்கக் கூடாது. அதே களிமண் உருண்டைகள்தான். மோதி நின்றுபோனபின், வர்க்கத்தால் அளந்த வலு எங்கே போயிற்று? உந்தம் மோதலுக்கு முன்பும் பூச்சியம், பின்பும் பூச்சியம், அங்கே சிக்கல் இல்லை. அழியாதது என்று சொல்லப்பட்ட வலு கண்முன்னே காணாமல் போகிறதே! நியூட்டனின் சார்பில் எழுதிய கிளார்க்குக்கு லைப்னிட்ஸ் 1716இல் அனுப்பிய பதிலில், அது பொருளின் நுண்ணிய பகுதிகளுக்குள் சிதறிப் போயிருக்கிறது, பெரிய நாணயத்தைச் சில்லறையாக மாற்றியதுபோல என்றார். அருமையான ஊகம், ஆனால் ஊகம்தான். அளந்து காட்ட அன்று எவராலும் இயலவில்லை. சிதறியது வெளியே தெரிவது வெப்பமாக; அதை ஏன் அளக்க முடியவில்லை என்பதற்கு இன்றைய எண்களில் கணக்குப் போட்டால் போதும். ஆயிரம் கிலோ எடையுள்ள இரண்டு கார்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், நேருக்கு நேர் மோதி நிற்கின்றன. இரண்டின் இயக்க ஆற்றலும் சேர்ந்து 4,00,000 ஜூல். அவ்வளவும் வெப்பமானால் ஒரு லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸ் சூடேற்றும். உலோகத்தை நசுக்கி உயிரைக் குடிக்கும் இயக்கம் வெப்பமாக மாறினால் காலை நேரத்தில் அடுப்பில் கொதிக்கும் ஒரு பாத்திரம் நீர் அளவே. அப்படியானால் ஒரு களிமண் உருண்டையில் தெரிய வேண்டிய வெப்பம் எவ்வளவு சிறியது! கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் மருத்துவராகப் போன மாயர், வெப்பநாட்டில் மாலுமிகளின் சிரைக் குருதி பளிச்சென்று சிவந்திருப்பதைக் கண்டு, உடலின் வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை எண்ணத் தொடங்கி 1842இல் எழுதினார். அளந்து முடித்தவர் மான்செஸ்டர் பக்கத்து மதுவடிப்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஜூல். எடைகள் இறங்க, துடுப்புகள் நீரைக் கலக்க, பாரன்ஹீட் டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைப் படிக்கும் வெப்பமானியோடு அவர் உட்கார்ந்தார். 1850இல் அவர் சொன்ன எண்: 772 அடி இறங்கும் நீர் ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேற வேண்டும். 160 அடி விழும் நயாகரா தன் அடிவாரத்தில் ஐந்தில் ஒரு டிகிரிதான் ஏறும். களிமண்ணில் தொலைந்தது அகப்பட நூறாண்டுக்கு மேல் ஆனதற்கு இதுவே காரணம்.

வாய்பாடு தெரிந்தால் கணக்குப் போடலாம், பழைய வழக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சாலையைக் காட்டுவேன். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் வண்டி நிற்கும் தொலைவுக்கு ஓர் அட்டவணை தருகிறது. மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி 9 மீட்டர் ஓடிவிடும். மிதித்தபின் 14 மீட்டர் போய் நிற்கும். 60 மைல் வேகத்தில் முதல் தொலைவு 18 மீட்டர், இரண்டாவது 55 மீட்டர். மனிதரின் தாமதம் இருமடங்காகிறது, பிரேக்கின் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. லைப்னிட்ஸும் எதிர்க்கட்சியும் வழக்காடிய வேகமும் வேகத்தின் வர்க்கமும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் நிற்கின்றன. 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஆறு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் என்றால் 25 மீட்டர், அதாவது எட்டு மாடி. அனுபவமுள்ள ஓட்டுநருக்கு இது உடம்பிலேயே தெரியும் என்பார்கள். தெரியாது என்பதே என் பதில். சீரான வேகத்தை உடல் உணர்வதில்லை. மூடிய கப்பலறைக்குள் இருப்பவர் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது என்று கலிலியோ 1632இலேயே விளக்கினார். நல்ல சாலையில் 40க்கும் 80க்கும் உடல் அறியும் வேறுபாடு இரைச்சலும் காற்றும்தான். வர்க்கத்தை அறிவு மட்டுமே காட்டும். இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் பத்தில் ஏழு பேர் இறந்தது அளவு மீறிய வேகத்தால் என்றும் சொல்கிறது. மித வேகம் மிக நன்று என்று சாலையோரப் பலகை அறிவுரை சொல்கிறது. ஏன் நன்று என்ற காரணம் பள்ளியில் எங்களோடு இருந்த எல்லார் கையிலும் ஒருமுறை கொடுக்கப்பட்டது. தேர்வு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளப்பட்டது போலவே அது போய்விட்டது.

பாடத்திட்டத்தில் இடமில்லை, நேரமில்லை என்ற மறுப்பு மட்டும் மீதம் இருக்கிறது. ஆசிரியர்கள் மீது ஏறிக் கிடக்கும் சுமையை அறிந்தே சொல்கிறேன்: இதற்கு இரண்டு பாடவேளை போதும். நூறு கிராம் இரும்புக் குண்டு ஒன்று, பிசைந்த களிமண் ஒரு தட்டில், ஓர் அளவுகோல், மருந்தகத்தில் கிடைக்கும் சிரிஞ்சு ஒன்று. 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒருமுறை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒருமுறை குண்டைப் போட்டு, இரண்டு குழிகளையும் சிரிஞ்சால் நீர் நிரப்பி அளக்கட்டும். ஆழத்தை அளந்தால் குழப்பம் வரும், குண்டு உருண்டையாக இருப்பதால். கொள்ளளவைத்தான் அளக்க வேண்டும். இரண்டாவது குண்டின் வேகம் முதலாவதைப்போல் இருமடங்கு என்பதை மாணவர்களே கணக்கிடுவார்கள், குழி நான்கு மடங்குக்கு நெருங்கி வருவதையும் பார்ப்பார்கள். இரண்டாம் பாடவேளையில் களிமண்ணில் ஒரு வெப்பமானியைச் செருகிவிட்டுக் குண்டைப் போடலாம். எதுவும் நகராது. ஒரு மீட்டர் இறங்கிய நூறு கிராம் குண்டு கொடுப்பது ஒரு ஜூலுக்கு நெருக்கம். ஒரு கிலோ ஈரக் களிமண் அதனால் ஆயிரத்தில் ஒரு டிகிரிகூட ஏறாது. ஒரு டிகிரி ஏற எத்தனை முறை போட வேண்டும் என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.